கதவின் அடியில் துரு

மறுபடியும் வந்துவிட்டது. ஓட்டுநர் பக்கத்துக் கதவின் அடியில், போன முறை பெயின்ட் அடித்த அதே இடத்தில், கடுகு கடுகாகக் கொப்புளங்கள். டீச்சர் குனிந்து ஒன்றை நகத்தால் கீறினாள். பெயின்ட் வெங்காயச் சருகாக உரிந்து வந்தது. உள்ளே செம்பழுப்பாகத் தூள்.

"நாசமாப் போக!" என்றாள். யாரைச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. துருவைச் சொன்னாளோ, பெயின்ட் அடித்த பட்டறைக்காரனைச் சொன்னாளோ. அந்த நேரத்தில் எதிரே யார் வந்திருந்தாலும் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தெருவில் அவளுக்குக் கிளட்ச் டீச்சர் என்று பெயர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கியரில் கை வைத்தால் போதும், "கிளட்ச்! கிளட்ச்ச மிதிங்க! காலு எங்க இருக்கு உங்களுக்கு?" என்று அவள் போடுகிற சத்தம் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். பொறுமை என்ற சரக்கு அவளிடம் கிடையாது. ஆனாலும் ஆட்கள் அவளைத் தேடித்தான் வந்தார்கள், முக்கியமாகப் பெண்கள். திட்டுவாள், ஆனால் பாதியில் கைகழுவ மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். வேறு இடங்களில் "உங்களுக்கு வராதும்மா" என்று அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இன்று அவள் வீட்டு வழியாக ஹாரன் அடித்துக்கொண்டு போகிறார்கள்.

இந்தக் கார் வருவதற்கு முன்னால் அவள் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பல வருஷம் வேலை பார்த்தாள். முதலாளி மேஜைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போன் பேசுவார். இருப்பதிலேயே ஓட்டை வண்டி இவளுக்கு, விடியாத நேரத்து வகுப்பு இவளுக்கு. யாராவது சுவரில் இடித்துவிட்டால் அந்தப் பழியும் இவளுக்கு. ஒருநாள் அப்படி ஒருத்தி பம்பரை நசுக்கிவிட்டாள். முதலாளி வெளியே வந்து, நிற்கிற அத்தனை பேர் முன்னாலும், "பொம்பள சொல்லிக்குடுத்தா இந்த லட்சணம்தான்" என்று சிரித்தார். டீச்சர் சாவியை மேஜைமேல் வைத்தாள், நடந்தாள். அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்தப் பழைய கார். பக்கத்து இருக்கையின் காலடியில் தனக்கென்று இன்னொரு பிரேக்கும் கிளட்ச்சும் மாட்டி, கூரைமேல் பலகை வைத்து, தானே முதலாளி ஆனாள்.

அந்த முதலாளித்தனத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. கற்றுக்கொடுக்கிற காரை வருஷத்துக்கு ஒருமுறை போக்குவரத்து அலுவலகத்தில் சோதனைக்குக் காட்ட வேண்டும். இந்த வருஷம் சோதனை அதிகாரி சட்டைப் பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்து, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டில் ஒரு குத்துக் குத்தினார். முனை உள்ளே போய்விட்டது.

"இது தகடு இல்லம்மா, பிஸ்கட்டு" என்றார். "சரி பண்ணிட்டு மாசக் கடைசிக்குள்ள கொண்டாங்க. அப்பவும் இப்படியே இருந்தா இந்த வண்டிய வச்சு நீங்க யாருக்கும் கத்துக்குடுக்க முடியாது. பக்கத்துல உக்காந்து போறவங்க உயிருக்கு யார் பதில் சொல்றது?"

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் இன்னும் எரிச்சல் வந்தது. இந்தச் செய்தி எப்படியோ பழைய முதலாளி காதுக்கும் போய்ச் சேர்ந்தது. "வர்றதா இருந்தா வரச் சொல்லுங்க, காலை வகுப்பு காலியாத்தான் இருக்கு" என்று யார் மூலமாகவோ சொல்லி அனுப்பினார். அதைக் கேட்ட அன்று டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. வேறு கார் வாங்க வழி கிடையாது. இது தோற்றால் அந்த மேஜைக்கு முன்னால் போய் நிற்பதைத் தவிர வேறு வழியும் கிடையாது.

இதில் அவளுக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காரைப் பார்த்துக்கொண்ட மாதிரி அந்தத் தெருவில் யாரும் காரைப் பார்த்துக்கொண்டதில்லை. பார்த்துக்கொண்டவர் அவள் கணவர். தொழில் குழாய் வேலை. ஊரில் பாதி வீட்டுக் குளியலறை அவர் கைபட்டதுதான். போன வருஷம் ஒரு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு இணைப்புக் கொடுக்கும்போது ஏணி சரிந்து விழுந்தார். இடுப்பில் தகடு வைத்துத் தைத்தார்கள். இப்போது கைத்தடி ஊன்றி நடப்பார். படி ஏற முடியாது, குனிந்தால் நிமிர நேரமாகும். குழாய்க்காரரை வேலைக்குக் கூப்பிட வருகிறவர்கள் தடியைப் பார்த்ததும், "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேண்ணே" என்று நழுவிவிடுவார்கள்.

அப்புறம் அவருக்கு இருந்த ஒரே வேலை இந்தக் கார்தான். மதியம் டீச்சர் சாப்பிட வந்ததும் வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அடியில் ஒட்டிய சேற்றைக் குழாய் வைத்து அடித்துக் கழுவுவார். ஈரத்தோடு ஒருநாளும் விட்டதில்லை, காய்ந்த துணியால் இடுக்கு இடுக்காகத் துடைப்பார். கால்மிதியைத் தூக்கி வெயிலில் போடுவார். கல் தெறித்துப் பெயின்ட் பெயர்ந்த இடம் ஊசிமுனை அளவு இருந்தாலும் கண்டுபிடித்து, தேய்த்து, சின்னத் தூரிகையால் அதே நிறம் தொட்டு வைப்பார். ஒரு காருக்குத் துரு வராமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தார். எதிர்வீட்டுக் கார் மழையிலும் வெயிலிலும் கிடந்தது, அதன்மேல் சுண்ணாம்பாகக் காய்ந்த பறவை எச்சம் எந்தக் காலத்தில் விழுந்ததோ தெரியாது. அதில் ஒரு புள்ளி துரு இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் டீச்சருக்கு வயிறு எரிந்தது.

"அந்த வீட்டுக்காரன் கார கழுவி நீங்க பாத்திருக்கீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அவன் குளிச்சே நான் பாத்ததில்ல" என்றார் குழாய்க்காரர். "நம்ம பட்டறைக்காரன் பட்டி வைக்கிறதுல ஏமாத்தறான். அதான் விஷயம்."

டீச்சரும் அப்படித்தான் நம்பினாள். எனவே கொப்புளத்தைக் கீறிய கையோடு காரைக் கிளப்பிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரன் நல்லவன்தான். எதைக் கேட்டாலும் "நாளைக்கு முடிச்சிரலாம்க்கா" என்பான், அந்த நாளை எப்போது வரும் என்பது மட்டும் அவனுக்கும் தெரியாது.

"வெளிய வாய்யா!" என்று வாசலிலிருந்தே ஆரம்பித்தாள். "மூணாவது தடவ! பெயின்ட் அடிச்சியா, இல்ல தண்ணியில சாயம் கலந்து தடவினியா? உன்ன நம்பி நான் நடுத்தெருவுல நிக்கப்போறேன்!"

"அக்கா, சத்தியமா சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடிச்சுத்தான்க்கா செஞ்சேன். அதே இடத்துல ஏன் வருதுன்னு எனக்கும் புரியல."

"புரியலன்னா கழட்டிப் பாரு! வெளிய பூசிப் பூசி என்ன பிரயோஜனம்? நாளைக்குன்னு மட்டும் சொல்லிப் பாரு, அப்ப தெரியும்."

அவன் பயந்துபோய் அப்போதே கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினான். கையை உள்ளே விட்டான். முழங்கை வரைக்கும் நனைந்து வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தான்.

"அக்கா, இங்க வாங்களேன்."

கதவுக்குள் தண்ணீர் நின்றது. கலங்கலாக, தேநீர் நிறத்தில், துருச் செதில்கள் மிதக்க. கண்ணாடியை ஒட்டிய ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் எல்லாக் கார் கதவுக்குள்ளும் இறங்கும்; அது வெளியே போவதற்காகக் கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். இந்தக் கதவில் அந்த ஓட்டைகள் இல்லை. அதாவது, இருந்தன, யாரோ அடைத்திருந்தார்கள். நாலு கதவிலும் அப்படி. கீழே பெட்டித் தகட்டிலும் அப்படி.

"எவனோ பிசின் வச்சு அடச்சிருக்கான்க்கா. தண்ணி போக வழியில்ல, உள்ளேருந்து அழுகிட்டு வருது. நான் வெளிய என்ன பூசி என்ன பண்றது? ஆனா சும்மா சொல்லக்கூடாது, அடச்சவன் வேலைக்காரன். எவ்வளவு நீட்டா பண்ணிருக்கான் பாருங்க."

டீச்சர் பார்த்தாள். சாம்பல் நிறப் பிசின். பொட்டு வைத்த மாதிரி உருட்டி, அமுக்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரே இழுப்பில் மழித்துவிட்ட வேலை. அவள் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே தினமும் பார்க்கிற வேலை.

விஷயம் அப்போதே முழுசாகப் புரிந்துபோனது. போன மழைக்காலத்தில், மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில், அவர் கார் நிறுத்துகிற இடத்தைக் காட்டி, "கதவுலேருந்து தண்ணி சொட்டுது பாத்தியா? எங்கேயோ லீக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆயுசு முழுக்க ஒழுகுகிற இடத்தை அடைத்தே பிழைத்த மனுஷன். கண்ணெதிரே ஒரு ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டினால் கை சும்மா இருக்குமா? அடைத்துவிட்டார். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"யாருக்கா பண்ணது?" என்றான் பட்டறைக்காரன்.

"யாரோ. உனக்கெதுக்கு? மூணு தடவ கதவ தொட்டியே, அப்ப உன் கண்ணு எங்க போச்சு?"

"நீங்க வெளிய அடிக்கத்தானக்கா சொன்னீங்க..."

பிசினையெல்லாம் குத்தி எடுத்தார்கள். தண்ணீர் ஒழுகி முடியவே நேரமாயிற்று. அழுகின தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, துருவைச் சாகடிக்கிற மருந்து தடவி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, உள்ளே மெழுகெண்ணெய் பீய்ச்சி அவன் காரைத் திருப்பித் தரும்வரை டீச்சர் பாடம் எடுக்கவில்லை. அத்தனை நாளும் மனசுக்குள் ஒரே ஒரு பேச்சைத்தான் ஒத்திகை பார்த்தாள். வீட்டுக்குப் போனதும் ஆரம்பிக்க வேண்டும். ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கா, என்பதில் ஆரம்பித்து அவள் வைத்திருந்த பேச்சு லேசில் முடிகிற பேச்சு இல்லை.

காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். குழாய்க்காரர் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். வாளியில் தண்ணீர் தயாராக இருந்தது, துவைத்த துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. எழுந்து, தடியை ஊன்றி வந்து, கதவின் அடியை விரலால் தடவிப் பார்த்தார்.

"அடேயப்பா! இந்தத் தடவ உருப்படியா பண்ணிருக்கான். எதனால வந்துச்சாம்?"

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் டீச்சருக்கு வாய் வரவில்லை. இந்த மனுஷனிடம் மிச்சம் இருப்பதே இந்த ஒரு வேலைதான், அதையும் கெடுத்தது நீதான் என்று எப்படிச் சொல்வது?

"பழைய தகடாம், அதான்" என்றாள்.

"நான் சொல்லல? நீ கவலப்படாத. இனிமே நான் பாத்துக்கறேன்."

"ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், பாத்திரங்களை டமால் டமால் என்று கழுவினாள்.

சோதனைக்கு முந்தின இரண்டு நாளும் மழை கொட்டியது. மூன்றாம் நாள் காலை டீச்சர் கிளம்பும்போது, வழக்கத்துக்கு மாறாக, அவரும் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். "நானும் வர்றேன். அந்த ஆளு இந்தத் தடவ எங்க குத்துறான்னு நானும் பாக்கறேன்."

முதல் சிக்னலில் பிரேக் போட்டபோது எங்கிருந்தோ "களக்" என்றது. அவள் கண்டுகொள்ளவில்லை. திருப்பத்தில் திரும்பியபோது மறுபடியும், கொஞ்சம் நீளமாக, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போனது.

"ஏங்க, தண்ணி பாட்டில் எங்க வச்சிருக்கீங்க?"

"மடியிலதான் இருக்கு. குடிக்கிறியா?"

அவள் வேகத்தைக் குறைத்தாள். "கதவுல ஏதாவது பண்ணீங்களா?"

"உங்கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன், ஏற்கெனவே நீ பதட்டத்துல இருந்த. அந்தப் பட்டறைக்காரன் வேலைய அரையும் குறையுமா விட்டிருக்கான்டி. எல்லா ஓட்டையும் திறந்து கிடக்கு, மழையில சொட்டு சொட்டுன்னு சொட்டுது. நல்லவேள நான் பாத்தேன். உக்காந்து, படுத்து, ஒண்ணு விடாம அடச்சிட்டேன். இடுப்பு கழண்டுருச்சு போ."

டீச்சர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தாள். என்ன சொல்லியிருப்பாளோ, அதற்குள் அலுவலகத்தின் கேட் வந்துவிட்டது, பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது, காவலாளி உள்ளே போகச் சொல்லிக் கை காட்டினான்.

வரிசையில் நின்று முறை வந்தது. அதிகாரி கதவைத் திறந்தார். உள்ளே தண்ணீர் அலை அடித்த சத்தம் பக்கத்து வரிசைக்குக் கேட்டது. கதவை ஆட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கதவுக்குள்ள மீன் வளக்கறீங்களா?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் குழாய்க்காரர் முன்னால் வந்தார். "ஒரு சொட்டு வெளிய வராது சார். நான்தான் அடச்சேன். முப்பது வருஷ சர்வீஸ்."

"ஓ, நீங்கதானா?" என்றார் அதிகாரி. கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் காலையிலிருந்து வெயிலில் நின்றவர். "கார் கதவு என்ன தண்ணித் தொட்டியா சார்? உள்ள வர்ற தண்ணி போறதுக்குன்னு கம்பெனிக்காரன் விட்ட ஓட்டை சார் அது. அத அடச்சா தகடு அழுகாம பூவா பூக்கும்? போன தடவ குத்தினதும் உள்ள போச்சே, அது எதனாலன்னு நெனச்சீங்க? பட்டறையில ஒருத்தனும் சொல்லலயா?"

வரிசையில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். குழாய்க்காரர் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அதிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

தடியை அவள் கையில் கொடுத்தார். அதிகாரியிடம் ஸ்குரூடிரைவரைக் கேட்டு வாங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல மண்டியிட்டு, தான் வைத்த பிசினைத் தானே குத்திக் குத்தி எடுத்தார். ஒவ்வொரு கதவாகத் தண்ணீர் கொட்டி அவர் வேட்டியை நனைத்தது. யாரையும் உதவிக்கு வர அவர் விடவில்லை. அப்புறம் அதிகாரி குனிந்து பெட்டித் தகட்டை இங்கும் அங்கும் குத்திப் பார்த்தார். புதுத் தகடு டங் டங் என்றது. முனை இறங்கவில்லை.

"தகடு நல்லாத்தான் போட்டிருக்கான். பாஸ்" என்று கையெழுத்துப் போட்டார். "ஓட்டைய மட்டும் விட்டு வைங்க சாமி."

எத்தனையோ நாள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் முடிந்தது. இனி யார் மேஜைக்கு முன்னாலும் நிற்க வேண்டாம். டீச்சர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் நனைந்த வேட்டியோடு ஒருத்தர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் பாதி வழி வந்ததும்.

டீச்சர் கியரை மாற்றினாள்.

"பட்டறையிலயே பாத்துட்ட. அன்னைக்கு அதனாலதான் பாத்திரத்த போட்டு அந்த உடை உடைச்ச."

"ஆமா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"மனசு கஷ்டப்படுவீங்களேன்னுதான்..."

"இப்ப மட்டும் குளுகுளுன்னு இருக்கா? உங்கிட்ட படிக்க வர்றவ தப்பு பண்ணா பிரேக்க மிதிச்சு, நடுரோட்டுல நிறுத்தி, நாலு பேரு பாக்க திட்டற. ஏன் திட்டற? இவளுக்கு வரும், இவ கத்துக்குவான்னு நம்பறதாலதான? எனக்கு மட்டும் ம்னு சொல்லிட்டு உள்ள போயிட்ட. இவரு அவ்வளவுதான், விட்டுரலாம்னு நெனச்சுட்ட. நான் ஏணியிலேருந்து விழுந்ததுக்குக்கூட இப்படி வலிக்கலடி."

டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஒரு வருஷமாக அவரிடம் அவள் ஒருமுறைகூடக் கோபப்பட்டதில்லை. சோற்றில் உப்புப் போட மறந்தால்கூடச் சண்டை போட்டவர்கள். அவர் விழுந்த நாளிலிருந்து, சரிங்க, ஆமாங்க, பரவால்லங்க. வேலைக்குக் கூப்பிட வந்தவர்கள் தடியைப் பார்த்து நழுவின மாதிரியேதான் அவளும் அவரிடமிருந்து நழுவிக்கொண்டிருந்தாள். அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருந்தாள்.

காரை ஓரம் கட்டினாள். கைப்பிரேக்கை இழுத்தாள்.

"உங்களுக்கு மூளை இருக்கா?" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கான்னு கேக்கறேன்! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? என் பொழப்பே போகப் பாத்துச்சு! அந்தப் பழைய முதலாளிகிட்ட போய் நான் கைகட்டி நின்னிருக்கணும், தெரியுமா? ஓட்டைன்னு ஒண்ண பாத்தா உடனே பிசின எடுத்துட்டு ஓடிருவீங்களா? கார செஞ்சவன் எதுக்கு விட்டிருக்கான்னு யோசிக்க வேணாமா?"

"தண்ணி சொட்டினா எவன்டி யோசிப்பான்? சொட்டுதுன்னு உங்கிட்ட எத்தன தடவ சொன்னேன்! நீ காதுல வாங்கினியா?"

"ஓ, இப்ப தப்பு என் மேலயா?"

"ரெண்டாவது தடவ அடச்சது உன்னாலதான்! நீ சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஏன் படுத்துப் பொரண்டு அடைக்கப்போறேன்?"

அதற்கும் அவள் விடவில்லை. பாத்திரம் கழுவியதிலிருந்து பெயின்ட் நிறம் வரைக்கும் ஒன்று விடாமல் இழுத்தாள், அவரும் ஒன்றுக்கு ஒன்று கொடுத்தார். கண்ணாடியெல்லாம் மூடியிருந்தும் நடந்து போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நடுவில் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசியில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. குழாய்க்காரர் கதவைத் திறந்து, தடியை வெளியே ஊன்றினார்.

"வா. எது எதைத் தொடக்கூடாதுன்னு இறங்கிக் காட்டு. சரியா காட்டணும், சொல்லிட்டேன்."

டீச்சர் இறங்கினாள். சாலை ஓரத்து ஈரத்தில் குந்தி உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதல் கதவின் அடியில் இருந்த ஓட்டையில் விரலை வைத்தாள். "இது. கண்ணத் திறந்து நல்லா பாருங்க" என்றாள் எரிச்சலோடு. அவர் தடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குனிந்தார்.